புகையை விட்ட கதை



புகைத்தல் தீது என்று உங்களுக்கு எடுத்துரைக்க நான் இங்கு வரவில்லை. அது தீதென்பதை அறியாதார் இன்று எவருமிலர். நம் நாட்டில் 2015 ஆம் ஆண்டு முதல் சிகரெட் பெட்டியின் முகப்பில் 80 வீதத்தை நோயின் படம் மறைத்துக் கொண்டிருக்கின்றது. அப்படத்தைப் பார்த்தபடியே பெட்டியைத் திறந்து, ஒன்றை எடுத்துப் பற்றவைப்பவர் எத்தனையோ பேர். அவர்கள் அறியாதவர்கள் அல்லர், விட முடியாதவர்கள். நானும் 34 ஆண்டுகள் அவர்களுள் ஒருவனாக இருந்தேன். ஆகவே, அறிந்தும் விட முடியாதிருப்பவர்களுக்காகவே இன்று பேசுகின்றேன்.

1977 ஆம் ஆண்டு, எனது பத்தொன்பதாவது வயதில், யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்தேன். தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இலிகிதர் உத்தியோகம். வெள்ளவத்தையில் ஓர் அறையில் ஐந்து இளைஞர்கள் தங்கியிருந்தோம். மற்றை நால்வரும் புகைப்பவர்கள். அவர்கள் என்னை வற்புறுத்தவில்லை. மாலையில் அவர்கள் சந்திக் கடையடியில் நின்று பேசும்போது, கைகளை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கடை வாசலில் தொங்கிய கயிற்றின் நுனியில் கனன்றுகொண்டிருந்த நெருப்பிலே முதற் சிகரெட்டைப் பற்றவைத்தேன். தலை சுற்றியது, இருமல் வந்தது. இது நமக்கு ஒத்துவராது என்று உடம்பு அன்றே சொல்லிற்று. நான் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் என் சட்டைப் பையில் எனக்கென்று ஒரு பெட்டி இருந்தது. முப்பது வயதாகும்போது நாளொன்றுக்கு முப்பது சிகரெட் என்ற நிலைக்கு வந்துவிட்டேன். நாளுக்கு இருபதென்று குறைத்தே கணக்கிட்டாலும், 34 ஆண்டுகளில் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் சிகரெட்டுகளைச் சாம்பலாக்கியிருக்கின்றேன். கணக்கெழுதிப் பிழைத்தவன் இந்தக் கணக்கை மட்டும் அக்காலத்தில் எழுதிப் பார்க்கவில்லை.

இந்தப் பிடி எவ்வாறு இறுகுகின்றது என்பதைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். புகையை உள்ளிழுத்த பத்து விநாடி அளவில் நிக்கொட்டின் என்னும் பொருள் மூளையைச் சென்றடைகின்றது. ஒருவகை இதத்தை உண்டாக்குகின்றது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் குருதியிலுள்ள நிக்கொட்டின் பாதியாகக் குறைந்துவிடும். குறையக் குறைய மனம் அமைதியிழக்கும், எரிச்சல் மூளும். அடுத்த சிகரெட் அந்த எரிச்சலைத் தணிக்கும். சிகரெட் நம் கவலையை ஆற்றுகின்றது என்று நாம் எண்ணுகின்றோம். முந்திய சிகரெட் மூட்டிய கவலையைத்தான் பிந்திய சிகரெட் ஆற்றுகின்றது. இது கடன் வாங்கிக் கடனடைக்கும் வாழ்க்கை. வட்டி ஒருபுறம் ஏறிக்கொண்டே போகும்.

விட முயன்றேனா என்று கேட்பீர்கள். மூன்று முறை முயன்றேன். முதன்முறை 1986 ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டன்று. அதற்கு முதல்நாள் இரவு, இதுதான் கடைசி என்று சொல்லி ஒன்றைப் புகைத்தேன். அதைப் போல் இனித்த சிகரெட்டை என் வாழ்நாளில் நான் புகைத்ததில்லை. இத்தாலிய எழுத்தாளர் இத்தாலோ ஸ்வேவோ 1923 இல் வெளியிட்ட நாவலொன்றில் சீனோ என்றொரு பாத்திரம் உண்டு. கடைசிச் சிகரெட், கடைசிச் சிகரெட் என்று நாள் குறித்து வைத்தே அவன் காலத்தைக் கழிக்கின்றான். கடைசி என்ற எண்ணம் அவனுக்கு அதன் சுவையை மிகுவித்தது. எனக்கும் அவ்வாறே நேர்ந்தது. நான்காம் நாள் மீண்டும் தொடங்கினேன்.

இரண்டாம் முறை, பெட்டியாக வாங்குவதில்லை, ஒவ்வொன்றாகவே வாங்குவது என்று விரதம் பூண்டேன். ஒரே கடையில் அடிக்கடி வாங்க வெட்கப்பட்டு, மூன்று கடைகளில் மாறி மாறி வாங்கினேன். தொகை குறையவில்லை; நடைதான் கூடிற்று. மூன்றாம் முறை, 1998 இல், ஏழு மாதங்கள் தொடாமலிருந்தேன். இனி நாம் வென்றுவிட்டோம் என்ற துணிவு வந்தது. நண்பர் ஒருவரின் கலியாண வீட்டில், ஒன்றே ஒன்றுதானே என்று வாங்கிக்கொண்டேன். அந்த ஒன்று ஒன்றாக நிற்கவில்லை. ஒரு கிழமையில் பழைய முப்பதுக்கு வந்துவிட்டேன். அதன் பின்னர், நம்மால் ஆகாது என்று முடிவு செய்து, முயற்சியையே கைவிட்டேன்.

இனி என் தந்தையாரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் புகையிலைத் தோட்டக்காரர். நான் படித்தது புகையிலைப் பணத்தில். யாழ்ப்பாணப் புகையிலை ஒரு காலத்திலே மலையாள நாடுவரை சென்று விலைபோன பண்டம். எத்தனையோ குடும்பங்களுக்கு அடுப்பெரித்த பயிர். அந்தப் பயிரிட்டவர்களைப் பழித்துரைக்க என் நா எழாது. தந்தையார் இராச் சாப்பாட்டின் பின் ஒரு சுருட்டுப் பிடிப்பார். அவ்வளவே. 2011 ஆம் ஆண்டு, 84 ஆவது வயதில், முதுமையால் காலமானார்.

செய்தி கிடைத்து, இரவு பஸ்ஸில் ஏறி ஊருக்குப் போனேன். தமையனார் கிரியைகளைச் செய்தார். எங்கள் ஊர் வழக்கப்படி, முற்றத்தில் உரலும் உலக்கையும் வைத்துச் சுண்ணம் இடிக்கும்போது திருவாசகத்திலிருந்து திருப்பொற்சுண்ணம் பாடவேண்டும். பாடசாலைக் காலத்தில் கோயில் பூசைகளிலே தேவாரம் பாடியவன் நான். தந்தையாருக்கு என் பாட்டில் பெருமையுண்டு. எனவே பாடும் பொறுப்பு என்னிடம் வந்தது. மொத்தம் இருபது பாடல்கள். முதலிரண்டையும் ஒருவாறு பாடினேன். மூன்றாம் பாடலில் அடியின் நடுவே மூச்சு நின்றது. நான்காம் பாடலில் இருமல் பிடித்துக்கொண்டது. நிறுத்த முடியவில்லை. பந்தலில் இருந்தோர் தலைகவிழ்ந்தனர். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். என் துன்பத்தால் வந்த தடுமாற்றம் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். அது துன்பத்தால் வந்ததன்று என்பதை நான் அறிவேன். மைத்துனரின் மகன், பதின்மூன்று பதினான்கு வயதுச் சிறுவன், நான் விட்ட அடியிலிருந்து எடுத்து, இருபதாம் பாடல் வரை தெளிவாகப் பாடி முடித்தான்.

நேயர்களே, அதன் பின்பு நான் செய்த முதற் காரியம் என்னவென்று நினைக்கின்றீர்கள்? வேலியோரம் போய், ஒருவரும் காணாதபடி நின்று, ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தேன். தந்தையாரின் உடல் முற்றத்தில் இருக்கின்றது. அவருக்காக ஒரு பாட்டைப் பாடி முடிக்க எனக்கு மூச்சில்லை. புகைக்க மட்டும் மூச்சிருந்தது. அந்த வேலியடியில் எனக்கு வந்த வெட்கம் எந்த வைத்தியரின் அறிவுரையாலும் வந்ததன்று.

ஆயினும் அன்றே நான் விட்டுவிடவில்லை. முன்னைய தோல்விகள் எனக்கு ஒன்றைக் கற்பித்திருந்தன. ஆவேசத்தில் விட்டது ஆவேசம் தணிந்ததும் திரும்பிவிடும். 31 ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அதற்கு மறுநாள் காலை விடுவதென்று தீர்மானித்தேன். இடைப்பட்ட நாட்களில், கடையிலே ஒரு சிறு கொப்பி வாங்கி, ஒவ்வொரு சிகரெட்டையும் பற்றவைக்கும் முன், நேரத்தையும் காரணத்தையும் எழுதினேன்.

அந்தக் கொப்பி என்னை எனக்கே காட்டிக்கொடுத்தது. காலைத் தேநீருடன் ஒன்று. உணவின் பின் ஒன்று. பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் ஒன்று. பஸ் வந்துவிட்டால் பாதியில் எறிந்ததும் உண்டு. கந்தோரில் கணக்குச் சரிவராவிட்டால் வெளியே போய் ஒன்று. சரிவந்துவிட்டால் அந்த மகிழ்ச்சிக்கு ஒன்று. ஆளோடு பேசினால் ஒன்று. பேச ஆளில்லையென்றால் ஒன்று. உண்மையில் உடம்பு கேட்டுப் புகைத்தவை நாளுக்கு ஏழெட்டு மட்டுமே. மற்றவை யாவும் இடமும் நேரமும் கேட்டவை. நான் ஒரு பழக்கத்துக்கு அடிமை என்று எண்ணியிருந்தேன். முப்பது சிறு பழக்கங்களுக்கு அடிமையாக இருந்திருக்கின்றேன்.

குறித்த நாள் வந்தது. இம்முறை கடைசிச் சிகரெட் என்று சடங்கு எதுவும் செய்யவில்லை. சாம்பற் கிண்ணத்தையும் லைட்டரையும் வீட்டிலிருந்து அகற்றினேன். கந்தோரில் உடன் வேலை செய்வோருக்குச் சொல்லிவைத்தேன். என் மனைவியார் எனக்கு அறிவுரை ஒன்றும் கூறவில்லை. விறாந்தையிலே நான் சாய்ந்திருந்து புகைக்கும் சாய்மனைக் கதிரையைத் தூக்கிக் கொண்டுபோய் அறைக்குள் வைத்துவிட்டார். காலைத் தேநீரைக் குசினிக்குள்ளேயே தந்தார். ஆயிரம் அறிவுரையிலும் அது பெரிய உதவி. விறாந்தையும் கதிரையும் தேநீரும் ஒன்றுகூடும்போது எழும் விருப்பம், அவை பிரிந்தபோது பாதியாகக் குறைந்துவிட்டது.

முதல் மூன்று நாட்களும் கொடியவை. உறக்கம் வரவில்லை. தலை கனத்தது. காரணமின்றிக் கோபம் வந்தது, மலச்சிக்கலும் வந்தது. இவை நிக்கொட்டின் உடம்பை விட்டுப் போகும்போது தோன்றும் குணங்குறிகள். இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சத்தை அடைந்து, இரண்டு முதல் நான்கு கிழமைகளிலே தணிந்துவிடும். இருமல் குறையும் என்று எதிர்பார்த்தேன், முதலில் கூடிற்று. வைத்தியர் விளக்கிய பின்னரே அச்சம் நீங்கிற்று. மூச்சுக்குழாயின் உட்சுவரிலே அழுக்கைக் கூட்டித் தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் உண்டு. புகை அவற்றை முடக்கி வைத்திருக்கும். புகை நின்றதும் அவை மீண்டும் தொழிற்படத் தொடங்கி, தேங்கிக் கிடந்த சளியை வெளியே தள்ளும். வீடு கூட்டும்போது தூசி எழுவது போன்றது அது.

விருப்பம் எழும்போது கடிகாரத்தைப் பார்க்கப் பழகினேன். அது மலைபோல் வரும். ஆனால் மூன்று நான்கு நிமிடங்களுக்கு மேல் நில்லாது. ஒரு குவளை தண்ணீரை மெல்ல மெல்லக் குடிப்பேன், வாயில் ஒரு கராம்பை அடக்கிக்கொள்வேன், எழுந்து நடப்பேன். அதற்குள் அது போய்விடும். மீண்டும் வரும், மீண்டும் போகும்.

இருபத்துமூன்றாம் நாள் தவறினேன். கந்தோரில் ஒரு வாக்குவாதம். வெளியே வந்து, பெட்டிக்கடையில் ஒன்றை வாங்கிப் பாதிவரை புகைத்துவிட்டேன். எல்லாம் போயிற்று, இனி ஒரு பெட்டியே வாங்கிவிடலாம் என்று மனம் சொல்லிற்று. 1998 இல் அதே குரலைத்தான் கேட்டேன், அதன்படியே நடந்தேன். இம்முறை தந்தையார் எனக்கு முன்னே வந்து நின்றார்.

புகையிலைச் செடி வளர்ந்ததும் அதன் குருத்தைக் கிள்ளிவிடுவார்கள். கிள்ளியபின் ஒவ்வோர் இலைக் கக்கத்திலிருந்தும் பக்கக் கிளை முளைக்கும். அதனை எங்கள் ஊரில் கெட்டு என்போம். கெட்டை விட்டுவிட்டால் அது செடியின் சத்தை உறிஞ்சிவிடும், இலை மெலிந்துபோகும். ஆகவே கெட்டு முறித்தல் என்பது தோட்டத்திலே பெரிய வேலை. பள்ளி விடுமுறைகளில் நானும் விடியற்காலையில் தந்தையாருடன் போவேன். கையெல்லாம் பிசின் ஒட்டிக் கறுத்துவிடும். ஒருநாள், முதற் கிழமை முறித்த செடிகளிலேயே மீண்டும் முளைத்திருக்கக் கண்டு, செய்த வேலையெல்லாம் வீண் என்று சலித்துக்கொண்டேன். தந்தையார் நிமிராமலே சொன்னார்: “தம்பி, கெட்டு ஒருநாளிலை முறிச்சு முடியிற வேலையில்லை. முளைக்க முளைக்க முறிக்க வேணும். பிஞ்சிலை முறிச்சால் நகம் போதும். முத்தவிட்டால் கத்தி வேணும்.”

பெட்டிக்கடை வாசலில் அந்தச் சொல் நினைவுக்கு வந்தது. ஒரு கெட்டு மீண்டும் முளைத்துவிட்டது என்பதற்காகத் தோட்டத்தை எவரும் கைவிடுவதில்லை. பாதிச் சிகரெட்டைக் காலால் நசுக்கினேன். கொப்பியை எடுத்து, இருபத்துமூன்றாம் நாளுக்கு நேரே காரணத்தை எழுதினேன்: வாக்குவாதம். அந்த இடத்திலும் ஒரு கெட்டு உண்டு என்பதை முன்பு நான் அறியவில்லை, அன்று அறிந்துகொண்டேன். மறுநாள் இருபத்துநான்காம் நாள் என்றே எண்ணினேன். முதலாம் நாள் என்று எண்ணவில்லை. அதன் பின்னர் இன்றுவரை நான் புகைக்கவில்லை.

இங்கே ஒருவர் கேட்கலாம்: “ஐயா, உங்கள் தந்தையார் சுருட்டுப் பிடித்தும் 84 வயது வரை வாழ்ந்தாரே?” நியாயமான கேள்விதான். இதே கேள்வியை நானும் 34 ஆண்டுகள் எனக்குச் சாட்டாக வைத்திருந்தேன். அதற்கு விடை ஒரு மனிதரின் ஆயுளில் இல்லை. பல்லாயிரவரின் ஆயுளில் உண்டு. றிச்சட் டோல், பிறட்ஃபோட் ஹில் என்னும் இரு ஆங்கில அறிஞர்கள் 1950 ஆம் ஆண்டிலே புகைத்தலுக்கும் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். டோல் தாமே புகைப்பவராக இருந்தவர். தம் ஆய்வின் போக்கைக் கண்டு விட்டுவிட்டவர். 1951 இல் அவ்விருவரும் பிரித்தானிய வைத்தியர்களிடம் அவர்தம் புகைப் பழக்கத்தைக் கேட்டறிந்து ஆய்வொன்றைத் தொடங்கினர். ஆண் வைத்தியர் 34,000 பேருக்கு மேற்பட்டோரின் வாழ்வும் சாவும் ஐம்பது ஆண்டுகள் கவனிக்கப்பட்டன. 2004 இல் முடிவு வெளிவந்தது. விடாது சிகரெட் புகைத்தோர், புகையாதோரிலும் சராசரி பத்து ஆண்டுகள் குறைவாகவே வாழ்ந்தனர். அவர்களுள் பாதிப்பேரையாவது அப்பழக்கமே கொன்றது. எனவே தப்பிப் பிழைத்து முதுமை காண்போர் என்றும் இருப்பர். அவர்களை நாம் காண்கின்றோம்; மற்றைப் பாதியினர் நம்முன் வந்து பேசுவதில்லை.

அதே ஆய்வில் ஆறுதலான செய்தியும் உண்டு. முப்பது வயதில் விட்டவர்கள் இழக்கவிருந்த பத்து ஆண்டுகளையும் ஏறக்குறைய முழுமையாக மீட்டனர். நாற்பதில் விட்டவர்கள் ஒன்பது ஆண்டுகளையும், ஐம்பதில் விட்டவர்கள் ஆறு ஆண்டுகளையும், அறுபதில் விட்டவர்கள் மூன்று ஆண்டுகளையும் மீட்டனர். இனி விட்டென்ன பயன் என்று கூறும் முதியோர் அந்த மூன்று ஆண்டுகளை எண்ணிப் பார்க்கவேண்டும். பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பாடசாலைக்குக் கூட்டிச்செல்லும் மூன்று ஆண்டுகள் அவை.

நம் புகை நம்மோடு நிற்பதுமன்று. ஜப்பானிலே ஹிறாயாமா என்னும் அறிஞர், புகைக்காத மனைவிமார் 90,000 பேருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து, 1981 இல் முடிவை வெளியிட்டார். மிகுதியாகப் புகைக்கும் கணவரைக் கொண்ட மனைவியரிடையே சுவாசப்பைப் புற்றுநோய் கூடுதலாக இருந்தது. விறாந்தைக் கதிரையைத் தூக்கிவைத்த என் மனைவியார் எத்தனை ஆண்டுகள் அந்தப் புகையைச் சுவாசித்திருப்பார் என்று எண்ணும்போது எனக்குச் சொல்லில்லை.

விட விரும்புவோர் தனியே போராட வேண்டுமென்பதில்லை. நிக்கொட்டின் கலந்த மெல்லும் பிசின், தோலில் ஒட்டும் பட்டை முதலியன உண்டு. அப்பிசினுக்கு வித்திட்டது சுவீடன் நாட்டு நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகளின் வழக்கம். கப்பலில் புகைக்க முடியாதபோது அவர்கள் புகையிலையை வாயிலடக்கிக் கொண்டதைக் கண்டவர்களுக்கு அந்த யோசனை பிறந்தது. இவற்றைத் தக்கபடி கைக்கொண்டால், விடுவதில் வெற்றிபெறும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகின்றது. வைத்தியரைக் கேட்டு, தமக்கு எது பொருந்துமென அறிந்துகொள்க. 2006 ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரச் சட்டத்தால் மூடிய பொது இடங்களில் புகைத்தல் தடைசெய்யப்பட்டதும், 21 வயதிற்குக் குறைந்தோருக்கு விற்றல் குற்றமானதும் நம் நாட்டுக்குக் கிடைத்த நன்மைகள். என் இளமையில் பஸ்ஸிலும் கந்தோரிலும் எங்கும் புகை. விட விரும்பினாலும் விடாத புகை.

வீட்டிலுள்ளோருக்கும் ஒரு சொல். விட முயல்பவர் தவறி ஒருநாள் புகைத்துவிட்டால், “பார்த்தாயா, உன்னால் முடியாதென்று அன்றே சொன்னேனே” என்று கூறாதிருங்கள். அந்தச் சொல்தான் அவரை மறுபடியும் கடைக்கு அனுப்பும். இத்தனை நாள் விட்டிருந்தாயே என்று கூறுங்கள். கதிரையைத் தூக்கி வையுங்கள்.

நான் விட்டபின் சில மாதங்களில் படிக்கட்டேறும்போது வந்த இளைப்புக் குறைந்தது. மாம்பூவின் மணம் எனக்குத் தெரிய வந்தது; முப்பது ஆண்டுகளாக அது எனக்கு இல்லாதிருந்தது. இழந்த மூச்சு முழுவதும் திரும்பிற்று என்று கூறமாட்டேன். சுவாசப்பையில் ஏற்பட்ட சேதத்தில் ஒரு பகுதி மீளாதது. மழை நாட்களில் அது தன்னை நினைவூட்டும். ஆனால் மேலும் வளராது நின்றுவிட்டது.

மூன்று ஆண்டுகளின் பின் ஊரிலே என் சிறிய தாயார் காலமானார். மீண்டும் அதே முற்றம், அதே உரல். நான் பாடுவேன் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை, நானே முன்வந்தேன். இடையிடையே நிறுத்தி மூச்செடுத்தேன். அன்று என்னைத் தாங்கிய சிறுவன், இப்போது இளைஞன், தேவையானால் எடுத்துக்கொடுப்பதற்காகப் பக்கத்தில் நின்றான். தேவைப்படவில்லை. இருபது பாடல்களையும் பாடி முடித்தேன். பாட்டு முடிந்ததும் வேலியோரம் போனேன். அங்கே நின்று தோட்டத்தைப் பார்த்தேன். தமையனார் புகையிலையை விட்டு வெங்காயம் நட்டிருந்தார்.

இப்போதும் ஆண்டுக்கு ஒருமுறை, எங்காவது ஒரு தேநீர்க்கடை வாசலில், அந்த விருப்பம் தலைகாட்டும். பிஞ்சுதான்; நகம் போதும்.